பெயர் பிள்ளையுடையது, வேலை யாருடையது?



பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அலமாரியின் மேலோ கதவுக்குப் பின்னாலோ ஒரு சார்ட் பேப்பர் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்து விரித்துப் பாருங்கள். நேர்த்தியான ஓரக்கோடுகள், கண்ணைக் கவரும் படங்கள், அச்செழுத்தை ஒத்த கையெழுத்து எல்லாம் தென்படும். கீழே வலது மூலையில் "செய்தவர்" என்று எழுதிப் பிள்ளையின் பெயரும், ஏழாம் வகுப்பு என்ற விவரமும் இருக்கும். இப்பொழுது உங்கள் மனச்சாட்சியை முன்னிறுத்தி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த ஒரு வரி உண்மையா?

இது அற்பமான கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். பெரிய பொய்களை நாம் பிள்ளைகளுக்கு ஒருபோதும் கற்றுக்கொடுப்பதில்லை. திருடாதே, ஏமாற்றாதே என்று தினமும் புத்தி சொல்லுகிறோம். ஆனால் தாயும் தகப்பனும் கூடி உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில், நல்லெண்ணத்தோடு, அன்போடு கற்றுக்கொடுக்கும் பொய் ஒன்று உண்டானால் அது இந்த மூலையிலேதான் எழுதப்படுகிறது. ஆகையால் இவ்வாரம் இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

இவ்வழக்கம் வந்த வழி

ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல நாள் அவகாசம் கொடுத்து, தாமாகவே வீட்டில் செய்து வரும்படி ஆசிரியர்கள் இடும் வேலையைச் செயல்திட்டம் என்கிறோம். வீடுகளில் அதற்குப் புராஜெக்ட் என்றே பெயர். இதை யாரோ பிள்ளைகளை வதைப்பதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று எண்ணுவது தவறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்த அதே எண்ணத்தில் பிறந்ததுதான் இது.

அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் 1918-ஆம் ஆண்டில் செயல்திட்ட முறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளை ஒரு நோக்கத்தைத் தன்னுடையதாக ஏற்று, முழு மனத்தோடு அதில் ஈடுபடும்போதுதான் கல்வி நிகழ்கிறது என்பது அவருடைய கருத்தின் சாரம். நம் தேசத்தில் 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளை, கைத்தொழில் ஒன்றைச் செய்துகொண்டே அதன் வழியாகக் கணக்கும் மொழியும் பூகோளமும் கற்க வேண்டும் என்பதே அத்திட்டம். இருவர் வழியும் வேறு. ஆயினும் இருவரும் பிள்ளையின் கையையே நம்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளை செயல்களின் மூலமும், தானே தேடிக் கண்டடைவதன் மூலமும் கற்க வேண்டும் என்று தன் 29-ஆம் பிரிவில் விதித்தது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, நூறு மதிப்பெண்ணில் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு என்றும், 40 வளரறி மதிப்பீட்டுக்கு என்றும் பிரிக்கப்பட்டது. அந்த நாற்பதில் ஒரு பாதி பிள்ளை செய்து காட்டும் செயல்களுக்காக ஒதுக்கப்பட்டது. பரீட்சை என்ற ஒரே நாளின் பயத்திலிருந்து பிள்ளையை விடுவிக்க வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம் என்பதை யார் மறுக்கக்கூடும்?

நடப்பது என்ன?

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாப்புலியூரிலோ, சிதம்பரத்தின் நான்கு வீதிகளில் ஏதேனும் ஒன்றிலோ, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு எழுதுபொருள் கடை வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். தாய்மார்கள் அவசர அவசரமாக வருகிறார்கள். தெர்மாகோல் அட்டை, வண்ணத் தாள், வெட்டி ஒட்டுவதற்குத் தயாராய் அச்சிட்ட படங்கள் எல்லாம் கை மாறுகின்றன. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒருவர் கைபேசியைக் காட்டி, "மழைநீர் சேமிப்பு பற்றி நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்" என்கிறார். வேலையைச் செய்ய வேண்டிய பிள்ளையோ வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்து தூங்கி வழிகிறது.

யாரைக் குற்றம் சொல்வது? ஆசிரியரைக் கேட்டால், வகுப்பில் இத்தனை பிள்ளைகள், ஐந்து பாடங்கள், பதிவேடு முடித்தாக வேண்டும் என்கிறார். பெற்றோரைக் கேட்டால், ஒரு வாரத்தில் மூன்று புராஜெக்ட் வந்தால் பிள்ளை எப்பொழுது படிப்பது, எப்பொழுது உறங்குவது என்கிறார்கள். கடைக்காரரைக் கேட்டால், கேட்பதை விற்கிறேன் என்கிறார். ஒவ்வொருவர் பதிலிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா நியாயங்களையும் கூட்டினால் வரும் மொத்தம் அநியாயமாக இருக்கிறது. இதுதான் நம்மைத் திகைக்க வைப்பது.

இது பொய்யா?

"பிள்ளைக்கு உதவி செய்வது ஒரு பாவமா? வீடு கட்டினவன் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். அவன் ஒரு செங்கல்லாவது தூக்கி வைத்தானா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். பதிலைச் சற்றுக் கவனமாகப் பாருங்கள்.

வீட்டின் முகப்பில் பொறித்த பெயர், இது யாருடைய சொத்து என்று சொல்லுகிறது. அந்தக் கல்லைப் படிப்பவர் எவரும் வீட்டுக்காரரே சாந்து பூசினார் என்று எண்ணுவதில்லை. ஆகவே அங்கே எவரும் ஏமாறவில்லை. பள்ளிச் செயல்திட்டத்தின் கீழ் எழுதும் பெயரோ அப்படிப்பட்டதன்று. அது ஒரு சாட்சியம். "நான் பார்த்தேன், நான் அளந்தேன், நான் எழுதினேன்" என்று பிள்ளை ஆசிரியருக்கு முன்பாகச் சொல்லும் வாக்குமூலம். அதை நம்பித்தான் ஆசிரியர் மதிப்பெண் இடுகிறார், அதை நம்பித்தான் அடுத்த பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கிறார். எட்டாவது கற்பனை பொய்ச்சாட்சியை விலக்குகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நீதிமன்றக் கூண்டில் ஏறினால்தான் சாட்சி என்று நினைக்க வேண்டாம். ஒரு தாளின் மூலையும் சாட்சிக் கூண்டுதான்.

ஆயினும் எல்லா உதவியும் பொய்யாகிவிடாது. கத்தரிக்கோலைக் கவனமாகப் பிடிக்கக் காட்டுவது உதவி. தெரியாத சொல்லுக்கு அகராதியைத் திறந்து காட்டுவது உதவி. பிள்ளையை அழைத்துக்கொண்டு கெடிலம் ஆற்றங்கரைக்குப் போய் நிற்பது மிகப் பெரிய உதவி. பின் எல்லைக் கோடு எங்கே இருக்கிறது?

வலை பழுது பார்க்கும் ஒரு மீனவப் பெரியவர் பேரனுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டுவார். பிறகு தாம் போட்ட முடிச்சைத் தாமே அவிழ்த்துவிட்டு, "இப்பொழுது நீ போடு" என்று நூலைப் பேரன் கையில் கொடுப்பார். அவன் போட்டது தவறினால் மறுபடியும் காட்டுவார், மறுபடியும் அவிழ்ப்பார். வலையில் கடைசியாக நிற்கும் முடிச்சு பையனுடையதாகவே இருக்கும். இதுதான் எல்லை. காட்டியதை அவிழ்த்துக் கொடுப்பது உதவி. காட்டியதை அப்படியே விட்டுவிட்டுப் பையனின் பெயரை எழுதுவது களவு.

களவு என்ற சொல் கடுமையாகத் தோன்றலாம். பெற்றோர் பிள்ளைக்கு ஒன்றைக் கொடுத்தார்களே தவிர, எதைப் பறித்தார்கள் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

பறிபோவது எது?

முதலாவது, கற்க வேண்டிய பாடம் போகிறது. இது யாவரும் அறிந்ததே.

இரண்டாவது, பிள்ளைக்குத் தன் கையின்மேல் உள்ள நம்பிக்கை போகிறது. பிள்ளை வரைந்த கடலூர் மாவட்ட வரைபடம் கோணலாக இருக்கிறது. கொள்ளிடம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளாறு ஓடுகிறது. தகப்பனார் பார்க்கிறார், சிரிக்கிறார், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தாமே அழகாக வரைந்து கொடுக்கிறார். அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் மனத்தில் விழுந்த சொல் என்ன தெரியுமா? "உன் கை போதாது." பதினொரு வயதில் விழுந்த அந்தச் சொல் முப்பது வயதிலும் சுலபமாகப் போவதில்லை. எதையும் தானாகத் தொடங்க அஞ்சுகிறவர்களை, யாராவது வந்து சரிபார்த்தாலொழிய ஒரு விண்ணப்பம்கூட எழுதத் துணியாதவர்களை நீங்கள் பார்த்ததில்லையா?

மூன்றாவது, மனச்சாட்சியின் கூர்மை போகிறது. பிறர் வேலைக்குத் தன் பெயரை எழுதுவது முதல் தடவை பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆசிரியர் பாராட்டும்போது அது தலை குனிகிறது. இரண்டாம் தடவை கூச்சம் குறைகிறது. பத்தாம் தடவை, "எல்லாரும் இப்படித்தான்" என்று தானே விளக்கம் சொல்லக் கற்றுக்கொள்ளுகிறது. அந்தக் கூச்சம் கடவுள் பிள்ளைக்கு அளித்த காவல்காரன். அவனை வேலையிலிருந்து நீக்கியது நாம்தான்.

பரங்கிப்பேட்டையில் ஒரு பாடம்

தன் கண்ணால் பார்த்து உண்மையாக எழுதி வைப்பதனால் என்ன பெரிய பயன் என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியதை யாரும் மறக்க முடியாது. அதன்பின், சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன் அவர்களும், ராஜேந்திரன் அவர்களும் அக்கரையோரத்துப் பதினெட்டு மீனவக் குடியிருப்புகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். எங்கே எத்தனை பேர் இறந்தார்கள், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், நடுவே எவ்வளவு மரங்கள் என்று எண்களைத் தொகுத்து 2005-இல் வெளியிட்டார்கள். அலையாத்திக் காடுகள் உயிர்களைக் காத்தன என்பது அவர்கள் முடிவு.

அடுத்த ஆண்டு கெர், பேர்ட், காம்ப்பெல் என்ற மூவர் அதே எண்களை எடுத்து மறுபடியும் கணக்கிட்டு, "காத்தவை தூரமும் உயரமுமே. அவற்றைக் கழித்துவிட்டால் மரங்களின் பங்கு மிகச் சொற்பம்" என்றார்கள். அதே 2006-இல் வேறு இருவர் மூன்றாவதாக அதே எண்களை ஆராய்ந்து, அலையாத்தி காத்தது உண்மையே என்று எழுதினார்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பது இங்கே நமக்கு முக்கியமன்று. மூன்று முறை வழக்காட முடிந்ததே, அது ஏன்? முதலில் எழுதியவர்கள் தங்கள் எண்களை ஒளிக்காமல் எல்லார் முன்னும் வைத்தார்கள். ஆகையால் அவர்கள் முடிவைத் திருத்தவும் உறுதிப்படுத்தவும் பிறரால் இயன்றது. உண்மையாகச் செய்த வேலை தவறாக இருந்தாலும் உலகத்துக்குப் பயன்படும். கடையில் வாங்கி ஒட்டிய வேலையோ சரியாக இருந்தாலும் எவருக்கும் பயன்படாது, அதில் சரிபார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்துக்கும் இது பொருந்தும். அதில் தவறு இருந்தால் ஆசிரியர் தவறைக் கண்டு திருத்தலாம். தகப்பனார் எழுதிய அழகான பக்கத்தில் ஆசிரியர் யாரைத் திருத்துவார்?

ஓர் ஆட்சேபம்

இவ்வளவும் கேட்டபின் ஒரு தாய் சொல்லக்கூடியதை நான் அறிவேன். "நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் பிள்ளை மட்டும் கோணல் படத்தைக் கொண்டுபோய் வகுப்பில் வெட்கப்பட வேண்டுமா? குறைந்த மதிப்பெண் வாங்க வேண்டுமா? உண்மைக்கு விலை கொடுக்க என் பிள்ளைதான் அகப்பட்டதா?"

இந்த ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. உண்மை பேசியவன் நட்டப்படுவதும் பொய் சொன்னவன் பரிசு பெறுவதும் அநியாயமே. அதை அநியாயம் அல்ல என்று சொல்லித் தாயைத் தேற்றுவது இன்னொரு பொய். ஆயினும் இரண்டு விஷயங்களை அவர் நினைத்துப் பார்க்கட்டும்.

ஒன்று, இழக்கப்போவது எவ்வளவு? மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முடியும்வரை மதிப்பெண் குறைந்ததற்காக எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. இந்த மதிப்பெண்ணைப் பார்த்து எந்தக் கல்லூரியும் கதவை மூடப்போவதில்லை. மனிதன் வாழ்நாளில் உண்மைக்கு விலை கொடுக்க வேண்டிய சமயங்கள் பல வரும். உத்தியோகத்தில் வரும், வியாபாரத்தில் வரும், சில சமயம் வாழ்வாதாரத்தையே பணயம் வைக்கும்படி வரும். அப்பொழுதெல்லாம் விலை பெரிது. உண்மை மிக மலிவாகக் கிடைக்கும் காலம் இந்தப் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான். மூன்று மதிப்பெண், நாலு மதிப்பெண், ஒரு நாள் வெட்கம், அவ்வளவே. மலிவாக இருக்கும்போது வாங்கிப் பழகாதவன், விலை ஏறியபின் வாங்குவான் என்று எதிர்பார்க்கலாமா?

மற்றொன்று, தனியாக ஒரு தாய் செய்ய முடியாததைப் பத்துத் தாய்மார் சேர்ந்து செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஐயா, இனி எங்கள் பிள்ளைகள் செய்ததையே கொண்டுவருவார்கள். அழகுக்கு மதிப்பெண் இடாதீர்கள், செய்ததற்கு இடுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னால் எந்த ஆசிரியர் மறுப்பார்? பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்காகவே காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளை

இதுவரை நாம் பேசியது உதவி மிகுந்த வீடுகளைப் பற்றி. உதவியே இல்லாத வீடுகளும் நம் ஊரில் உண்டு. தகப்பன் கடலுக்குப் போயிருக்கிறார். தாய் மீன் கூடையுடன் விடியுமுன் சந்தைக்குப் போய்விட்டாள். அல்லது இருவரும் கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குச் சார்ட் பேப்பர் வாங்கப் பணம் இல்லை, கணினியில் தேடித் தர ஆள் இல்லை. அது தானாக, ஒரு நோட்டுத் தாளில், பென்சிலால் எழுதிக்கொண்டு வருகிறது. மேசைமேல் தெர்மாகோல் கோபுரங்களுக்கு நடுவே அந்த ஒற்றைத் தாள் கிடக்கிறது. வகுப்பிலேயே உண்மையான வேலை அது ஒன்றாகவே இருக்கலாம். அதற்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண் விழுகிறது!

இங்கே நாம் அளந்தது எதை? பிள்ளையின் அறிவையா, தகப்பனின் பணப்பையையா? நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை நாம் அறிவோம். செல்வர் போட்ட பெருந்தொகைக்கு நடுவே அந்தக் காசுகளைக் கண்டுகொண்ட கண்தான் ஆசிரியருக்கும் வேண்டும். தன் பிள்ளைக்காகத் தான் செய்யும் அலங்கார வேலை பக்கத்து இருக்கையில் உள்ள பிள்ளையைக் கீழே தள்ளுகிறது என்பதை வசதியுள்ள பெற்றோர் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். இது நம் பிள்ளையின் நன்மை தீமை மட்டுமன்று, அயலானின் பிள்ளைக்குச் செய்யும் நீதி அநீதியும் இதில் அடங்கியிருக்கிறது.

பணம் வேண்டாத வேலைகள்

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு என்ற ஏற்பாடு 1993-ஆம் ஆண்டில் தொடங்கியது. பத்து முதல் பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் சொந்த ஊரின் ஒரு பிரச்சினையை எடுத்து, தாமே விசாரித்து, தாய்மொழியிலேயே எடுத்துரைக்க வேண்டும் என்பது அதன் முறை. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை முன்னின்று நடத்தியது. அதில் ஒரு நல்ல விதி உண்டு. பிள்ளைகள் அன்றன்று பார்த்ததையும் செய்ததையும் நாட்குறிப்பாக எழுதி, அதையும் சமர்ப்பிக்க வேண்டும். ஒரே இரவில் வாங்கி ஒட்டுகிறவரால் பல வார நாட்குறிப்பை எழுதுவது எளிதன்று.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலைகள் எத்தனையோ உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டுகிறதே! நேரான சுவரும் தட்டையான அடியும் உள்ள ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்து எழுதட்டும். வானிலை நிலையங்களும் அதே நேரத்தில்தான் அளக்கின்றன. கடலூர் அளவைச் செய்தித்தாளில் பார்த்து, தன் அளவு ஏன் வேறுபடுகிறது என்று யோசிக்கட்டும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அதை வைத்துத் தன் வீட்டுக் கூரையில் விழுந்த நீரைக் கணக்கிடட்டும்.

சிதம்பரத்துப் பிள்ளைகள் தங்கள் ஊருக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இன்று எங்கே நிற்கிறது என்று தேடட்டும். பிச்சாவரத்து உப்பங்கழியில் அது உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல், ஆகையால் பெரியவர் துணையோடு தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பதே பாதிப் பாடமாகிவிடும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி வீசிய தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்த கதையையும், 2015 வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்பதையும் ஐந்து முதியவர்களிடம் கேட்டு எழுதட்டும். ஐவரும் ஐந்து விதமாகச் சொன்னால் அதையும் அப்படியே எழுதட்டும். இழப்பைச் சந்தித்த வீட்டில் எப்படிப் பணிவாகக் கேட்பது, எங்கே கேட்காமல் நிறுத்துவது என்பதையும் அதனுடன் கற்றுக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எந்தக் கடையிலும் இவை விலைக்குக் கிடையா.

கைபேசியைக் கேட்டால் எழுதித் தருமே என்பீர்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், எந்தத் தலைப்பிலும் நொடியில் கட்டுரை எழுதித் தரும் இயந்திரங்கள் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டன. மழைநீர் சேமிப்பைப் பற்றி அவை பத்துப் பக்கம் எழுதும். ஆனால் இன்று காலை உங்கள் மொட்டை மாடியிலிருந்த ஜாடியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைப் பார்க்க ஒரு பிள்ளை படியேறிப் போயாக வேண்டும். இனி ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இப்படிப்பட்டவையே.

அளவும் வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வீட்டு வேலை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. ஒரு பருவத்துக்கு ஒரு நல்ல செயல்திட்டம் போதும். ஐந்து பாடத்துக்கு ஐந்து என்று ஒரே வாரத்தில் சுமத்தினால், பொய் சொல்லும்படி நாமே பிள்ளையை நெருக்குகிறோம் என்பதை ஆசிரியர்கள் உணர வேண்டும்.

மறுபுறத் தவறு

இவற்றைப் படித்துவிட்டு, "நல்லது, இனி உன் பாடு, உன் புராஜெக்ட் பாடு" என்று கையைக் கழுவிவிடும் பெற்றோரும் இருக்கக்கூடும். அதுவும் சரியன்று. பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையில் கூறியது. ஆசிரியர் என்றால் பதில் எழுதிக் கொடுப்பவரா? அல்லர். கேள்வி கேட்பவர், அருகில் இருப்பவர், பொறுத்திருப்பவர். இம்மூன்றில் கடினமானது கடைசியானது. பிள்ளை தப்பும் தவறுமாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பதைவிட, பிடுங்கித் தாமே செய்துவிடுவது சுலபம். அந்தச் சுலபத்தைத்தான் நாம் அன்பு என்று தவறாகப் பெயரிட்டுக்கொண்டிருக்கிறோம்.

படிப்பறியாத தாய்கூட இந்த உதவியைக் குறைவின்றிச் செய்யலாம். "இன்று என்ன பார்த்தாய்? எப்படித் தெரிந்தது? நாளைக்கு என்ன செய்வாய்?" இந்த மூன்று கேள்விகளைக் கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை. அந்த வகையில் எந்த ஏழைப் பிள்ளையும் உதவியற்ற பிள்ளை அன்று.

ஒரு சிறு யோசனை

முடிவாக, உங்கள் வீட்டில் இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுகிறேன். பிள்ளை தன் பெயரை எழுதும் அந்த மூலையில் இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும். "எனக்கு உதவியவர்கள்" என்று தொடங்கி உண்மையை உள்ளபடியே எழுதட்டும். "அப்பா அட்டையை வெட்டிக் கொடுத்தார். அக்கா இரண்டு எழுத்துப் பிழைகளைக் காட்டினாள். பக்கத்து வீட்டுத் தாத்தா வெள்ளம் வந்த அளவைச் சொன்னார். படம் நானே வரைந்தேன்."

இந்த ஒரு வரி எத்தனை காரியம் செய்கிறது பாருங்கள். பிள்ளைக்கு நன்றி சொல்லப் பழக்கம் வருகிறது. உதவியவர்களுக்கு உரிய இடம் கிடைக்கிறது. ஆசிரியருக்கு உண்மை தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "எல்லாவற்றையும் அப்பாவே செய்தார்" என்று எழுத எந்தப் பிள்ளைக்கும் கை வராது, எழுதவிட எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. ஆகவே எவ்வளவு எழுதக் கூச்சமில்லையோ அவ்வளவே உதவுங்கள். அதற்கு மேல் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுங்கள்.

அந்தத் தாள் கோணலாகத்தான் இருக்கும். பசை வழிந்திருக்கும். கொள்ளிடமும் வெள்ளாறும் இடம் மாறியிருக்கலாம். இருக்கட்டும். அதை நீங்கள் திருத்தாமல், சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, பிள்ளையின் கையில் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். அது செய்தது அதனுடையது என்று நிமிர்ந்து சொல்லட்டும்.